அவளுக்குக் குளிருதாம்

நாற்பத்தாறு வயதில், கோபிச்செட்டிபாளையத்துக்காரன் ஒருவன் எதற்காகப் பனிமலை ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும்? உடம்பில் கொழுப்பு என்று என் மனைவி சாரதா சொல்வாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு வார்த்தையில் ஒரு காரணம் இருக்கும். உண்மையான காரணம் க்ரிஷ்.

க்ரிஷ் எங்கள் டைரக்டர். இந்த நாட்டிலேயே, எடிசனில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மா மயிலாப்பூர். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஆபீஸ் பொங்கல் விருந்தில் நான் தமிழில் அடித்த நக்கலுக்கெல்லாம் சரியான இடத்தில் சிரித்தவன். என்னைவிட ஆறு வயது இளையவன் என்பதால் மனதுக்குள் அவன், வாயில் அவர். குளிர்காலத்தில் சனிக்கிழமை தவறாமல் மலைக்குப் போவான். யாருக்குப் பதவி உயர்வு, யாருடைய வேலை காலி என்பதெல்லாம் அவனோடு மலையேறுகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். திங்கட்கிழமை மீட்டிங்கில் நாங்கள் தலையாட்டுவதெல்லாம் வெறும் சடங்கு.

என் குடுமி அவன் கையில் இருந்தது. பதினொரு வருஷமாக க்ரீன் கார்டு வரிசையில் நின்றிருந்தேன். போன குளிர்காலத்தில்தான் என் முறை நெருங்கியது. கடைசிக் கட்டத்தில், இந்த வேலை இவருக்கு இன்னும் இருக்கிறது என்று கம்பெனி ஒரு படிவத்தில் உறுதி சொல்ல வேண்டும். அதற்கு க்ரிஷ் ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் ஷ்ரேயாவுக்கு அப்போது இருபது. இருபத்தொன்று ஆவதற்குள் கார்டு வராவிட்டால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் கழன்றுவிடுவாள். ஆறு வயதில் இங்கே வந்த பெண், வெளிநாட்டு மாணவியாக முதலிலிருந்து விசா கேட்டு நிற்க வேண்டும். ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு வேறு. இந்த நிலைமையில் க்ரிஷ் லிஃப்டில் என் தோளைத் தட்டி, ஒருநாள் நீங்களும் மலைக்கு வரலாமே என்று கேட்டால், என்ன பதில் சொல்வேன்? எனக்கு ரொம்ப நாளாக ஆசை என்று வெட்கமில்லாமல் சொன்னேன்.

ஸ்னோபோர்டு எனக்கு ஓரளவு வரும். ரிசார்ட்டில் லிஃப்டில் ஏறி, பதப்படுத்திய சரிவில் சறுக்கி இறங்குவது. இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்து கற்றிருந்தேன். க்ரிஷ் போவது அந்த இடமில்லை. லிஃப்ட் கிடையாது, ஆபத்துக்குக் காவலர் கிடையாது, வெறும் காட்டுமலை. அங்கே போக ஸ்ப்ளிட்போர்டு வேண்டும். ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது போல ஒரு பலகை. ஏறும்போது இரண்டு பாதியையும் காலுக்கொன்றாக மாட்டிக்கொண்டு, அடியில் ‘ஸ்கின்’ என்ற ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ரோமம் பின்னால் வழுக்க விடாது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து, பாதிகளைச் சேர்த்து ஒரே பலகையாக்கிச் சறுக்கி இறங்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. முதல் நாள் பட்டையின் பசைப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. இடது பாதியை வலது காலில் மாட்டினேன். செங்குத்தான இடத்தில் காலைத் தூக்கி வளைத்துத் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் உட்கார்ந்தேன். க்ரிஷ் மேலே நின்று பொறுமையாகச் சிரித்தான். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. மூன்றாவது முறை போனபோதுதான் ஒன்று உறைத்தது. என்னைவிட மெதுவாக ஏறுகிற ஒரு ஆள் கூட இருந்தால், க்ரிஷ் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பது எனக்காக இருக்காது. அப்படித்தான் வெண்பாவைக் கூட்டிப்போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெண்பா என் டீமில் இருந்தாள், ரிசார்ட்டில் ஒரு குளிர்காலம் ஸ்னோபோர்டு பழகியவள். இருபத்தொன்பது வயது, ஊர் தென்காசி, பக்கத்து ஊரான டப்ளினில் இரண்டு பெண்களோடு ஒரு அபார்ட்மெண்டில் இருந்தாள். கான்ட்ராக்ட் வேலை. நான் அவளுக்கு லீட். அவளுக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்பாள். நான் க்ரிஷிடம் கொண்டுபோவேன். க்ரிஷ் சொல்வதை நான் அவளிடம் கொண்டுவருவேன். என்னைத் தாண்டி அவள் ஒருநாளும் மேலே பேசியதில்லை. அப்படிப் பேசாமலிருப்பது மரியாதை என்று அவள் நினைத்தாள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“நீங்க வர்றீங்கன்னா வர்றேண்ணா,” என்றாள். “ஆனா அந்த அவலாஞ்ச் கோர்ஸ் முடிச்சுட்டுத்தான் வருவேன். தெரியாம போகக் கூடாதுல்ல?”

பனிச்சரிவு பற்றிய இரண்டு நாள் வகுப்பு அது. இருவரும் சேர்ந்தோம். நான் பாதி நேரம் போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நோட்டு நிறைய எழுதினாள். காற்று எந்தப் பக்கம் பனியைக் கொண்டுபோய்க் குவிக்கும், எந்தச் சாய்வில் சரியும், சரிவதற்கு முன் பனி என்ன அறிகுறி காட்டும், எல்லாம். அந்த வகுப்பில் எனக்கு நினைவில் நின்றது ஒரே விஷயம். குழுவில் யார் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். கற்றுக்குட்டி சொன்னாலும் சரி, காரணமே சொல்லாவிட்டாலும் சரி. மலையில் பதவி கிடையாது என்று அந்த ஆசிரியர் சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தாஹோ ஏரிக்குத் தெற்கே, நாங்கள் மூன்று பேர். வண்டியை நிறுத்திய இடத்தில் க்ரிஷ் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். மூன்று பேருடைய பீக்கனும் வேலை செய்கிறதா என்று பார்த்தான். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க அதுதான் சிக்னல் கொடுக்கும். மண்வெட்டி, குத்திப் பார்க்கும் கம்பி எல்லாம் இருக்கிறதா என்று கேட்டான். பிறகு, யாருக்குச் சங்கடமாக இருந்தாலும் சொல்லுங்கள், திரும்பிவிடுவோம் என்றான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துத் தலையாட்டினோம். சாரதா கட்டிக்கொடுத்த பொடி தடவிய சப்பாத்தி ரோலில் அவனுக்கும் ஒன்று கொடுத்தேன்.

மூன்று மணி நேரம் மரங்களுக்கு நடுவே ஏறினோம். க்ரிஷ் முன்னால், நான் நடுவில், வெண்பா கடைசியில். நான் திட்டமிட்டபடியே அவன் அவளுக்காகத்தான் நின்று நின்று காத்திருந்தான். ஒரு நிறுத்தத்தில் என்னிடம், உங்கள் படிவம் என் மேஜைக்கு வந்திருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துவிடுகிறேன் என்றான். அதைக் கேட்டபின் மூச்சு வாங்குவதுகூட எனக்குச் சுகமாக இருந்தது.

மரங்கள் முடிந்து மேடு திறந்தது. இடதுபுறம் நாங்கள் ஏறிவந்த சாதுவான சரிவு. வலதுபுறம் அகலமாக, மரமே இல்லாத, ஒரு கோடுகூட விழாத வெள்ளை. முந்தைய இரவு முழுக்க அடித்த காற்று பனியை அள்ளி அந்தப் பக்கம்தான் கொட்டியிருந்தது. க்ரிஷின் கண் அதைவிட்டு நகரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. காலுக்குக் கீழே தொம்மென்று, உள்ளே ஏதோ உட்கார்ந்ததுபோல. வெண்பாவின் பலகை முனையிலிருந்து பனியில் ஒரு விரிசல் நீளமாக ஓடியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் கேட்டது. க்ரிஷுக்கும் கேட்டது, அவன் தலையைத் திருப்பினான்.

“அண்ணா,” என்றாள் வெண்பா. குரல் நடுங்கவில்லை. “கிளாஸ்ல சொன்னாங்கல்ல, இதேதான். கீழ இருக்குற லேயர் புடிப்பு விட்டுருச்சு. இந்தப் பக்கம் வேண்டாம். வந்த வழியாவே இறங்கிருவோம். அவர்ட்ட சொல்லுங்கண்ணா.”

க்ரிஷ் எங்களிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றான். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குப் புரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

“வாட்ஸ் ஷி சேயிங்?”

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஷ்ரேயாவை நினைத்தேன், படிவத்தை நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நிஜத்தில் அப்படி எதுவும் இல்லை. மேலே இருக்கிறவர் ஆசைப்பட்டுக் கேட்கும்போது கீழே இருக்கிறவளுடைய முடியாது என்பதை அப்படியே எடுத்துச் சொல்லக் கூடாது, பதமாக மாற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக நான் செய்துவரும் வேலையே அதுதான். வாய் தானாகத் திறந்தது.

“நத்திங். ஷி இஸ் ஜஸ்ட் கோல்ட்.”

க்ரிஷ் தலையசைத்தான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்படியானால் ஒவ்வொருவராக இறங்குவோம், நான் முதலில் என்றான்.

வெண்பா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். க்ரிஷிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். இந்த வாதத்தை எனக்காக நானே நூறு முறை வாதாடியிருக்கிறேன். அவள் அப்போது நினைத்தது என்னவென்று பிறகு அவளே சொன்னாள். எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால்தான் நான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தாளாம். குனிந்து, பட்டையை உரித்து, பாதிகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். அவள் கை என் கையைவிட வேகமாக வேலை செய்தது.

க்ரிஷ் இறங்கினான், அழகாக, ஒன்றும் ஆகவில்லை. நான் இறங்கினேன், இரண்டு இடத்தில் விழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை. கீழே ஒதுங்கி நின்று மேலே பார்த்தபோது, பார்த்தாயா, வீணாகப் பயந்தாள் என்றுகூட நினைத்தேன். வெண்பா நாலு திருப்பம் திரும்பியிருப்பாள். அவளுக்கு மேலே வெள்ளையில் ஒரு கோடு விழுந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் கட்டி கட்டியாக உடைந்து, அவளையும் சேர்த்துக்கொண்டு இறங்கி, ஓரத்து மரங்களில் போய் மோதி நின்றது.

க்ரிஷைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். அவன்தான் முதலில் ஓடினான். மார்புவரை புதைந்திருந்த அவளை, மூச்சுக்கு இடம் விட்டு, முறைப்படி தோண்டினான். நான் கண்ட இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது பனி. இடது முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மீட்புக் குழு வர நாலு மணி நேரம் ஆனது. அந்த நாலு மணி நேரமும் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு அறுவை சிகிச்சை. இனி படி ஏறலாம், ஓட முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் தென்காசியிலிருந்து அவள் அப்பா எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, எம்புள்ளையத் தோண்டி எடுத்தது நீங்கதானாமே. அவதான் சொன்னா. நீங்க மட்டும் கூட இல்லைன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்? ஒங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்.”

பரவாயில்லைங்க ஐயா என்றேன். போனை வைத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீட்டிங்குக்குப் போனேன்.

இப்படி விபத்து நடந்தால், அந்த வட்டாரப் பனிச்சரிவு எச்சரிக்கை மையத்துக்கு எழுதி அனுப்புவது வழக்கம். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்காக அதை இணையத்தில் போடுவார்கள். க்ரிஷ் எழுதி அனுப்பினான். பெயர் எதுவும் இல்லை. ‘முடிவெடுத்த இடத்தில் எல்லோரிடமும் கேட்கப்பட்டது, யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அனுபவம் குறைந்தவர் பதற்றத்தில் வழியைவிட்டு விலகினார்.’ பெயர் இல்லாவிட்டால் என்ன, ஆபீஸ் முழுக்க அந்த லிங்க் சுற்றியது. ஒன்றும் தெரியாதவள் எதற்கு அங்கெல்லாம் போக வேண்டும் என்று காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்குப் போனேன். சாரதா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருந்தாள். வெண்பா காலை நீட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப், அதில் அந்த ரிப்போர்ட்.

“அண்ணா, கால் போனதுகூடப் பரவால்ல,” என்றாள். “நான் நோட்ஸ் எடுத்து ஒரு வாரம் படிச்சேன். அந்தச் சத்தத்த நான்தான் மொதல்ல சொன்னேன். வேண்டாம்னு சொன்னேன். இதுல யாரும் மறுக்கலன்னு போட்டிருக்கு. நான் பதறிட்டேனாம். நான் அந்த மையத்துக்கு எழுதினேன். இன்னொருத்தர் கன்ஃபர்ம் பண்ணா மாத்திருவோம்னு சொல்றாங்க. உங்களுக்கு மெயில் வரும். ஒரே ஒரு லைன், அண்ணா. ‘அவள் வேண்டாம் என்றாள்.’ அவ்ளோதான்.”

எழுதுகிறேன் என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் எழுதுவதாகத்தான் இருந்தேன். அவள் சிரித்தாள், டப்பாவைத் திறந்தாள், வறுவல் நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை க்ரிஷ் கூப்பிட்டான். கதவைச் சாத்தவில்லை, மிரட்டவில்லை. மையத்திலிருந்து உங்களுக்கு மெயில் வரலாம், உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள் என்றான். பிறகு, நான் உங்களிடம் கேட்டேன், நீங்கள் குளிர் என்று சொன்னீர்கள், எனக்கு அவ்வளவுதான் தெரியும் என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். உனக்கு அவள் பேசியது புரியவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. அவன் மேஜையில் என் படிவம் கையெழுத்தாகாமல் கிடந்தது. இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவரும் பேசாமல் எழுந்தோம்.

வீட்டில் சாரதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறையாக, நடந்ததை நடந்தபடியே.

“தப்புதானுங்க,” என்றாள். “பெரிய தப்பு. ஆனா இப்ப எழுதினா அந்தப் புள்ளைக்குக் காலு நேராகுமா? நம்ம புள்ளைக்கு இன்னும் ஒம்போது மாசந்தான் இருக்குது. கார்டு வந்துரட்டுங்க. அப்புறம் எழுதிக்கலாம்.”

மெயில் வந்தது. யாரோ ஒரு தன்னார்வலர், மரியாதையாகக் கேட்டிருந்தார்: இறங்குவதற்கு முன் யாராவது தயக்கம் தெரிவித்தார்களா? ஆம் என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டி மறுபடி அழித்தேன். கடைசியில் எழுதி அனுப்பியது இதுதான்: ‘இல்லை. அவருக்குக் குளிராக இருப்பதாக மட்டும் சொன்னார்.’ மலையில் வாய் தவறிவிட்டது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது யோசித்துச் செய்தது. வியாழக்கிழமை படிவம் கையெழுத்தானது.

அதற்கு மறுவாரம் வெண்பா போன் செய்தாள். அவளுடைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. டெக்சாஸில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, கிளம்புகிறாள். மையம் அவளுக்கு என் பதிலை அனுப்பியிருந்தது.

“படிச்சேன்,” என்றாள்.

“வெண்பா, என் நிலைமை உனக்கே தெரியும்...”

“தெரியும். ஷ்ரேயாவுக்காகத்தான்னு தெரியும். எப்ப வரும் கார்டு?”

“தெரியல. ஆறு மாசம் ஆகலாம்.”

“வரட்டும். வந்தப்புறம் உங்களுக்குப் பயம் இருக்காதுல்ல? அப்பத் திரும்பக் கேக்குறேன். அதுவரைக்கும் நீங்க நல்லவர்தான்னு நெனச்சுக்கிறேன்.”

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத் தவணை கொடுத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கார்டு ஆகஸ்டில் வந்தது. மூன்று உறை, மூன்று பேருக்கும். ஷ்ரேயா கத்திக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சாரதா கேசரி கிளறினாள். ஊருக்கு வீடியோ கால் போட்டு எல்லோரிடமும் காட்டினாள். பிறகு மூன்று கார்டையும் விசிறி மாதிரி பிடித்து, எண்களைக் கட்டைவிரலால் மறைத்து, போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கிறேன். யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் போன் அடித்தது. திரையில் வெண்பாவின் பெயர். இனி க்ரிஷ் என்ன செய்ய முடியும்? வேலையே போனாலும் இந்த நாட்டிலிருந்து யாரும் எங்களை அனுப்ப முடியாது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எல்லாம் தெரிந்தும் என் கை போனைத் தொடவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் கார்டுக்காக மட்டும் பொய் சொல்லவில்லை.

போன் நின்றது. மறுபடி அடித்தது. கேசரித் தட்டோடு சாரதா எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க அது? எடுங்க, வாழ்த்துச் சொல்லத்தான் கூப்புடுவாங்க.”

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“யாருமில்ல, ஸ்பாம் கால்,” என்றேன்.